கோலாலம்பூரில் பிசினஸ் மென்பொருள் இன்டகிரேஷன் டெவலப்பராக இருப்பவர் துறைச் செய்திகளையும் நிகழ்வுகளையும் எப்படிப் பின்தொடர்வது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: கணக்கு மென்பொருளை மைஇன்வாய்ஸோடும் (மலேசிய வரித்துறையின் மின் இன்வாய்ஸ் தளம்) வங்கியோடும் இணைக்கும் வேலை. தினமும் பத்து நியூஸ்லெட்டர் வருகிறது. எதைப் படிப்பது, எதை விடுவது, எந்த நிகழ்வுக்கு லீவு போட்டுப் போகலாம்?

நியூஸ்லெட்டர் பத்தில் ஒன்பதை இன்றே நிறுத்திவிடலாம். இந்த வேலைக்குச் செய்தி என்றால் அதில் ஒரு தேதி இருக்க வேண்டும். ‘இந்த நாளிலிருந்து இது மாறும், இது நிற்கும், இது கட்டாயம்.’ தேதி இல்லாத செய்தி விளம்பரம். எந்த நிறுவனம் யாரை வாங்கியது என்பதுகூட, பராமரிப்பு எப்போது முடிகிறது என்று அறிவிப்பு வரும்வரை மாமாக் கடைப் பேச்சுக்குத்தான் உதவும்.

மலேசியாவில் முதலில் பார்க்க வேண்டியது உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் எஸ்டிகே தளம், அதாவது டெவலப்பர்களுக்கான ஆவணத் தளம். அங்கே வெளியீட்டுக் குறிப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது. பலரும் அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. அதே தளத்தில் மாநிலக் குறியீடு, வகைப்பாட்டுக் குறியீடு, வரி வகை, எம்எஸ்ஐசி (தொழில் வகைக் குறியீடு) போன்ற பட்டியல்கள் நிரல் நேராகப் படிக்கும் ஜேசன் கோப்புகளாகவே கிடைக்கின்றன. தினம் ஒருமுறை அவற்றை இறக்கி, நேற்றைய கோப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஒரு டிக்கெட் (வேலைப் பதிவு) திறக்கும் ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். இருபது முப்பது வரி போதும். மனிதர் படித்துக் கவனிப்பதைவிட இது நம்பகமானது. பட்டியல்களை நிரலுக்குள் மாறிலியாக எழுதிவைக்காமல் தரவுத்தளத்தில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற புலத்தோடு வையுங்கள். கடந்த மாத இன்வாய்ஸுக்குக் கிரெடிட் நோட் போடும்போது பழைய குறியீடு தேவைப்படும்.

பட்டியலை இறக்கும்போது ஒரு பொறி. எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். கோலாலம்பூரின் மாநிலக் குறியீடு 14, பினாங்கின் குறியீடு 07. கோலாலம்பூர் வாடிக்கையாளரை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் பச்சையாக இருக்கும். ஜார்ஜ் டவுன் முகவரி வந்த அன்று 7 என்று போய் இன்வாய்ஸ் செல்லாததாகித் திரும்பும். மொத்த இன்வாய்ஸுக்கான (ஒரு மாதச் சில்லறை விற்பனைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது) வகைப்பாட்டுக் குறியீடு 004-க்கும் இதே கதிதான். குறியீடு எல்லாமே எழுத்துச் சரம், எண் அல்ல என்று தரவுத்தளத்திலேயே கட்டாயமாக்குங்கள்.

அடுத்தது வாரியத்தின் இ-இன்வாய்ஸ் வழிகாட்டி ஆவணங்கள். இவற்றை டெவலப்பர்கள் கணக்காளர் வேலை என்று ஒதுக்குகிறார்கள். உண்மையில் ஆபத்து இங்கேதான். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) மாறினால் பிழைச் செய்தி வரும், உடனே தெரிந்துவிடும். வணிக விதி மாறினால் எதுவும் கத்தாது. எடுத்துக்காட்டு: 2026 ஜனவரி 1 முதல் 10,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒரு பரிவர்த்தனையை மாத இறுதி மொத்த இன்வாய்ஸுக்குள் சேர்க்கக் கூடாது, அதற்குத் தனி இ-இன்வாய்ஸ் வேண்டும். இது ஸ்கீமா (ஆவண வடிவ) விஷயமே அல்ல. உங்கள் மாத இறுதி பேட்ச் (தானாக ஓடும் தொகுப்பு வேலை) வழக்கம்போல ஓடி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, இஐ00000000010 என்ற பொதுமக்கள் வரி எண்ணில் அனுப்பிவிடும். தணிக்கையில்தான் தெரியும். அதைவிட, இந்த விதி பேட்ச் நிரலை மட்டும் தொடவில்லை. 10,000 தாண்டினால் வாங்குபவரின் வரி எண், அடையாள எண் போன்ற விவரங்களைக் கல்லாவிலேயே கேட்டாக வேண்டும். மாத இறுதியில் நகைக்கடைக்காரர் வாடிக்கையாளரை எங்கே போய்த் தேடுவார்? ஆகவே மாற்றம் விற்பனைத் திரையில் தொடங்க வேண்டும்.

இ-இன்வாய்ஸைக் கட்டாயமாக்கிய கதையும் இதையேதான் காட்டுகிறது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்கள், 2025 ஜனவரி 1-இல் இரண்டரைக் கோடிக்கு மேல், ஜூலை 1-இல் 50 லட்சத்துக்கு மேல், 2026 ஜனவரி 1-இல் 10 லட்சத்துக்கு மேல் என்று கட்டம் கட்டமாக வந்தது. விலக்கு வரம்போ ஒன்றரை லட்சத்தில் தொடங்கி 5 லட்சமாகி, பிறகு 10 லட்சமானது. ஒவ்வொரு முறையும் அரசியல் அறிவிப்பு முதலில் செய்தித்தாளில் வரும், வழிகாட்டியின் திருத்தப் பதிப்பு பிறகு வரும். நிரலை வழிகாட்டியை வைத்து மாற்றுங்கள், செய்தித்தாளை வைத்து அல்ல. வரம்பும் தொடக்கத் தேதியும் வாடிக்கையாளர் வாரியான அமைப்பாக இருந்தால் இரண்டு புலம் மாற்றுவதோடு வேலை முடியும்.

இனி செய்தியைப் படித்தும் புரியாமல் போகும் இரண்டு இடங்கள்.

ஒன்று, நேரம். இன்வாய்ஸ் வழங்கும் தேதியும் நேரமும் யூடிசியில் (உலகப் பொது நேரம்), நடப்பு நேரமாக இருக்க வேண்டும் என்று ஆவணம் ஒரே வரியில் சொல்கிறது. மலேசியா யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால். மார்ச் 1 காலை 7.40-க்குப் போட்ட பில், யூடிசியில் பிப்ரவரி 28 இரவு 23.40. தேதிப் புலத்தை உள்ளூர் நேரத்திலிருந்தும் நேரப் புலத்தை யூடிசியிலிருந்தும் எடுக்கும் நிரல் அதை மார்ச் 1, 23.40 என்று எழுதும். உண்மை நேரத்தைவிடச் சரியாக 24 மணி நேரம் எதிர்காலத்துக்குப் போய்விட்டது. காலை 8 மணிக்குப் பிறகு இரு தேதிகளும் ஒன்றே என்பதால் அலுவலக நேரச் சோதனையில் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. நள்ளிரவு 12.05-க்கு ஓடும் பேட்ச்சும் விடியற்காலை மொத்த வியாபாரியும்தான் மாட்டுவார்கள். தீர்வு, ஒரே நேரப் பொருளை ஒருமுறை யூடிசிக்கு மாற்றி, இரண்டு புலங்களையும் அதிலிருந்தே எடுப்பது. சோதனைத் தளத்தில் இரவு 12.30-க்கும் காலை 7.30-க்கும் தானாக ஓடும் ஐந்தாறு மாதிரி ஆவணங்கள் வையுங்கள்: சாதாரண இன்வாய்ஸ், கிரெடிட் நோட், சுய இன்வாய்ஸ் (விற்பவருக்குப் பதில் வாங்குபவர் போடுவது), மொத்த இன்வாய்ஸ், வெளிநாட்டு நாணய இன்வாய்ஸ். எஸ்டிகே மாற்றம் வந்த மறுநாளே இவை சொல்லிவிடும். எந்த நியூஸ்லெட்டரும் இவ்வளவு வேகமாகச் சொல்லாது.

இரண்டு, 202 என்ற பதில் எண். அனுப்பியதும் வரும் 202 என்பது ‘வாங்கிக்கொண்டேன்’ என்பது மட்டுமே, ‘செல்லுபடியாகும்’ என்பதல்ல. சமர்ப்பிப்பு எண்ணை வைத்துச் சில நொடிகள் இடைவெளியில் நிலையைக் கேட்டு, செல்லுபடியாகும் என்று வந்த பிறகுதான் கியூஆர் அச்சிட வேண்டும். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால்? பெரும்பாலான நிரல்கள் இன்வாய்ஸைப் புதிதாகக் கட்டி மறுபடி அனுப்புகின்றன. அதே உள்ளடக்கம் சில நிமிடங்களுக்குள் மறுபடி வந்தால் மைஇன்வாய்ஸ் 422 என்று தடுக்கும். ஆனால் புதிதாகக் கட்டும்போது நேரம் ஒரு நொடி மாறும், ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை) மாறும், அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாமல் போகும். ஒரே விற்பனைக்கு, செல்லுபடியாகும் இன்வாய்ஸ் இரண்டு உருவாகிவிடலாம். 72 மணி நேரத்துக்குள் ஒன்றை ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான். அனுப்பும் முன் பைட்டுகளை அப்படியே சேமித்து, மறுமுயற்சியில் அதையே அனுப்புங்கள்.

வரம்புகளையும் மனத்தில் வையுங்கள்: ஒரு சமர்ப்பிப்பில் 100 ஆவணம், மொத்தம் 5 எம்பி, ஓர் ஆவணம் 300 கேபி. டோக்கன் (நுழைவுச் சீட்டு) 60 நிமிடம் நிற்கும், ஆனால் டோக்கன் கேட்பது நிமிடத்துக்கு 12 முறைதான். இன்வாய்ஸுக்கு ஒரு டோக்கன் வாங்கும் நிரல் மாத இறுதியில் 429 (‘அளவு மீறிக் கேட்கிறாய்’) வாங்கும். அதோடு வரும் காத்திருப்பு நொடிகளை மதியுங்கள். மொத்த இன்வாய்ஸ் மாதம் முடிந்து 7 நாளுக்குள் போக வேண்டும் என்பதால் 1 முதல் 7-ஆம் தேதிவரை எந்த மாற்றத்தையும் லைவில் ஏற்றாதீர்கள்.

மைஇன்வாய்ஸுக்கு வெளியே பார்த்தால் நாட்காட்டி எளிமையானது. பெரிய வணிக மென்பொருள்களின் வெளியீட்டு மாதங்கள்: மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல் ஏப்ரல், அக்டோபர். எஸ்ஏபியின் எஸ்/4ஹானா கிளவுட் பப்ளிக் பதிப்பு பிப்ரவரி, ஆகஸ்ட். சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் ‘புதியது என்ன’ பகுதியைத் தாண்டி ‘நீக்கப்படுவது’ பகுதிக்கு நேராகப் போங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் 2025 கோடை வெளியீட்டில் 21 முதல் 30 வரையிலான ஏபிஐ பதிப்புகளை நிறுத்தியது; பழைய முகவரியை ரெஸ்ட் வழியாக அழைத்தால் 410 (‘இனி இல்லை’) வரும். பதிப்பு எண்ணை யூஆர்எல்லுக்குள் எழுதிவிட்டுப் பத்து வருடம் மறந்தவர்களுக்கு அது செய்தி. எஸ்ஏபியின் பழைய இணைப்பு மென்பொருளான பிராசஸ் ஆர்க்கெஸ்ட்ரேஷன் 7.5-க்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவுவரை, கூடுதல் கட்டணத்தில் 2030 வரை. அதே வேலை செய்யும் பிஸ்டாக் சர்வரில் 2020-தான் கடைசிப் பதிப்பு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. முதன்மை ஆதரவு 2028 ஏப்ரலில் முடியும். இந்த இரண்டில் எதையாவது பராமரிப்பவர் மாற்றுத் திட்டத்தின் செலவை அடுத்த பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும்.

சில ஏபிஐகள் நிறுத்தும் தேதியைப் பதிலின் தலைப்பிலேயே அனுப்புகின்றன. சன்செட் தலைப்பு 2019-இல் ஆர்எஃப்சி (இணைய நெறி ஆவணம்) 8594 ஆகவும், டெப்ரிகேஷன் தலைப்பு 2025-இல் ஆர்எஃப்சி 9745 ஆகவும் வந்தன. உங்கள் எச்டிடிபி கிளையன்ட்டில் ஒரே இடத்தில் இந்த இரு தலைப்புகளையும் தேடி லாகில் எழுதும் நான்கு வரி சேர்த்தால், செய்தி தானே வீட்டுக்கு வரும்.

சான்றிதழ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் தூங்குகிறார்கள். இணைய இணைப்பைப் பாதுகாக்கும் பொது டிஎல்எஸ் சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். எதிர்முனையின் சர்வர் சான்றிதழையே ஜாவா கீஸ்டோரில் (சான்றிதழ்ப் பெட்டகம்) இறக்கிப் பூட்டிவைக்கும் பழக்கம் வருடத்துக்கு ஒரு தலைவலியாக இருந்தது, 47 நாள் வரும்போது வருடத்துக்கு ஏழெட்டு ஆகும். வழங்கும் அமைப்பின் ரூட்டை நம்புங்கள், கடைசிச் சான்றிதழைப் பூட்டாதீர்கள். இருதரப்புச் சரிபார்ப்புக்குப் பொதுச் சான்றிதழையே கிளையன்ட் சான்றிதழாகப் பயன்படுத்தினால் அதுவும் முடியப்போகிறது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2026 பிப்ரவரி 11 முதல் அந்தப் பயன்பாட்டுக் குறியை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்தியது. புதுப்பித்த அன்றே ஹேண்ட்ஷேக் (இணைப்பின் முதல் கட்டச் சரிபார்ப்பு) தோற்கும், நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. தனியார் சிஏ-வுக்கு (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) மாறுவது பற்றி எதிர்முனையோடு இப்போதே பேசுங்கள். மாற்ற ஒப்புதலுக்கே பல வாரம் ஆகும்.

நிகழ்வுகள். மைட்டெக், கேஎல்சிசி மாநாட்டு அரங்குகளில் நடக்கும் பெரிய கண்காட்சிகளில் டெவலப்பருக்கு அதிகமாகக் கிடைப்பது துணிப்பை. விற்பனைக்காரர்கள் போகட்டும். அமெரிக்க நிறுவனங்களின் நேரலைகள் பசிபிக் நேரம் காலை 10 என்றால் நமக்கு நள்ளிரவு 1 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 2 மணி. கண் விழிக்க வேண்டாம், பதிவு வரும். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு இடிஐ (நிறுவனங்களுக்கிடையே ஆர்டர், பில் போன்றவற்றை மென்பொருள் வழியே பரிமாறுவது) செய்பவருக்கு எந்த மாநாடும் உதவாது. அங்கே மாற்றம் வருவது வாங்கும் நிறுவனம் அனுப்பும் அமலாக்கக் கையேட்டின் புதிய பிடிஎஃப்பாக, அதுவும் கொள்முதல் பிரிவின் மின்னஞ்சலுக்கு. அந்தப் பிரிவில் ஒருவரோடு மாதம் ஒருமுறை பேசுங்கள்.

வருமான வாரியத்தின் இ-இன்வாய்ஸ் விளக்கக் கூட்டத்துக்கு மட்டும் போகலாம். அங்கே ஏபிஐ பற்றிக் கேட்டால் எஸ்டிகேயைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். வணிக விதியைக் கேளுங்கள், கணக்காளரையும் கூட்டிப் போங்கள். ‘முன்பணம் 6,000, மீதி 6,000, இரண்டு ரசீது, இது 10,000-ஐத் தாண்டிய ஒரே பரிவர்த்தனையா?’ என்பது போலத் தொகையோடு, ஒரு பக்கத்தில் அச்சடித்து, வாடிக்கையாளர் பெயரை மறைத்து எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் பதிலை நம்பி நிரலை மாற்ற வேண்டாம். அதே கேள்வியை மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பி, வரும் பதிலை டிக்கெட்டோடு இணைத்து வையுங்கள்.