அகதிகளைக் காப்பாற்றத் தங்கள் வாழ்க்கையையே பணயம் வைத்து, பிறகு மறக்கப்பட்டவர்கள் யார்?

நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரை உலகமே அறியும் என்பதால் அவரை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது ஒரு போலீஸ் அதிகாரியையும் ஒரு ரேடியோ கம்பெனிக்காரரையும் ஒரு பேக்கரி முதலாளியையும் பற்றி. கடைசியாகச் சொன்னவரின் பெயர் எனக்கே தெரியாது.

போலீஸ் அதிகாரியின் பெயர் பால் குரூனிங்கர். சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய செயின்ட் கேலன் மாகாணத்தின் போலீஸ் தலைவர். அதற்கு முன் பள்ளி ஆசிரியர். இளமையில், 1915-இல் சுவிஸ் சாம்பியன் பட்டம் வென்ற கால்பந்து அணியில் ஆடியவர். புரட்சிக்காரரின் சாயல்கூட இல்லாத மனிதர்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அங்கிருந்த யூதர்கள் சுவிஸ் எல்லையை நோக்கி ஓடி வந்தார்கள். ஆகஸ்ட் மாதம் சுவிஸ் அரசு கதவைச் சாத்தியது. விசா இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அது போதாதென்று, ஜெர்மனியோடு பேசி, அக்டோபர் முதல் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் ‘ஜே’ என்ற எழுத்தைப் பதிக்கும் ஏற்பாடும் வந்தது. ஆளைப் பார்த்ததும் திருப்பி அனுப்ப வசதியாக!

குரூனிங்கரின் மாகாணத்தில் டீபோல்ட்சாவு என்று ஓர் ஊர். ரைன் நதியை நேராக்குவதற்காகப் புதிய வாய்க்கால் வெட்டியபோது பழைய ஆற்றுப் படுகை மட்டும் எல்லையாக நின்றுவிட்டது. தண்ணீர் குறைவு, இறங்கி நடந்தே வந்துவிடலாம். வந்தவர்களை அங்கிருந்த பழைய பூத்தையல் ஆலை ஒன்றில் தங்க வைத்தார்கள்.

அங்கே குரூனிங்கர் செய்தது, தேதியை மாற்றி எழுதியதுதான். எல்லை மூடிய பிறகு வந்தவர்களை, மூடுவதற்கு முன்பே வந்துவிட்டதாகப் பதிவு செய்தார். படிவத்தில் அந்தத் தேதி ஏறிவிட்டால் அவர் சட்டப்படி உள்ளே இருப்பவர். ஏறாவிட்டால் அன்றே திரும்பிப் போக வேண்டியவர். இல்லாதவர்களுக்குத் தன் சொந்தப் பணத்தில் குளிர்கால உடுப்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். காப்பாற்றியது எத்தனை பேரை என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. அதிகபட்சமாக 3,600 வரை சொல்கிறார்கள். எண்ணைக் குறைத்தாலும் எனக்கு அவர் குறைந்துவிட மாட்டார்.

எனக்கு இவர்மேல் தனிப் பிரியம் ஏன் என்றால், நானும் எல்லையில் வாழ்கிறவன். கேரளத்தில், கொல்லம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மலை இறங்கினால் தமிழ்நாட்டின் செங்கோட்டை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், காய்கறியும் வைத்தியமும் எல்லாம் அந்தப் பக்கத்தோடுதான். எல்லை என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை, 2020 மே மாதம் வரை. கொரோனாவுக்காக இரண்டு மாநிலமும் பாஸ் கேட்ட நாட்கள் அவை. தகப்பனார் இறந்த செய்தி கேட்டுத் தென்காசிக்குக் கிளம்பிய எங்கள் தெருப் பெண்ணுக்கு மறுநாள் தேதியிட்ட பாஸ்தான் கிடைத்திருந்தது. சாவடியில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். பாஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேதியைத் தொட்டுக் காட்டினார். “பன்னிரண்டு மணி ஆகட்டும், அம்மா” என்றார். நள்ளிரவு வரை அந்தப் பெண் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை; குரூனிங்கர் பார்த்தவர்களின் நிலையோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனால் ஒரு தேதிக்கு எவ்வளவு கனம் உண்டு என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

குரூனிங்கர் 1939-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கடமை தவறினார், ஆவணங்களைத் திருத்தினார் என்று 1940-இல் நீதிமன்றம் தண்டித்தது. அபராதம் 300 பிராங்க். அது பெரிதல்ல, ஓய்வூதியம் போய்விட்டது. காசு வாங்கிக்கொண்டு ஆள் விட்டார் என்ற அவதூறு வேறு. சாகும்வரை நிரந்தர வேலை இல்லாமல், கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். 1971-இல், நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது, 1972-இல் இறந்தார். அவர் சொந்த ஊர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தது 1995-இல். இவரைப் பாராட்டினால் 1938-இல் போட்ட உத்தரவு தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். எந்த அரசுக்கு அதில் அவசரம் இருக்கும்? இப்போது டீபோல்ட்சாவுக்கும் ஆஸ்திரியாவின் ஹோஹெனெம்ஸுக்கும் நடுவே உள்ள பாலத்துக்கு அவர் பெயர்.

ரேடியோ கம்பெனிக்காரர் யான் ஸ்வார்ட்டென்டைக். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் பிரதிநிதி. ஆள் இல்லாததால் 1940 கோடையில் டச்சு கௌரவத் தூதர் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அங்கே மாட்டிக்கொண்டிருந்த போலந்து யூதர்களுக்கு, எங்காவது போக இடம் உண்டு என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். கரீபியன் கடலில் கியூராசோ என்ற டச்சுத் தீவு இருக்கிறது. அங்கே போக விசா தேவையில்லை. ஆனால் இறங்குவதற்குக் கவர்னரின் அனுமதி வேண்டும் என்பது விதி. ரிகாவில் இருந்த டச்சுத் தூதர் டி டெக்கர் காட்டிய வழியில், ஸ்வார்ட்டென்டைக் முதல் பாதியை மட்டும் எழுதினார். இரண்டாம் பாதியை எழுதவே இல்லை! இப்படி 2,200 பேருக்கு மேல், சுமார் பத்து நாட்களில். இந்தக் காகிதத்தை நம்பித்தான் அதே ஊரில் இருந்த ஜப்பானியத் தூதர் சுகிஹாரா ஜப்பான் வழியாகப் போக விசா கொடுத்தார். சுகிஹாராவைப் பலருக்குத் தெரியும். இவரோ நாஜிகள் பிடியில் இருந்த நெதர்லாந்துக்குத் திரும்பி, வெளியே தெரிந்தால் குடும்பமே அழியும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார். 1976-இல் இறந்தார். யாத் வாஷெம் அங்கீகாரம் வந்தது 1997-இல்.

இனி பேக்கரி முதலாளி. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புனலூர், குளத்தூப்புழைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அரசுக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. நாங்கள் எல்லோரும் அம்மாயி என்று கூப்பிடும் ஒரு கிழவி அங்கே இருக்கிறார். இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது, கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்த ஒரு சிங்களவர் இவர்கள் குடும்பத்தை விறகுக் கொட்டடிக்குள் தள்ளிப் பூட்டினாராம். அவர் மனைவி வந்து அம்மாயியின் பொட்டை ஈரத் துணியால் துடைத்து, தோட்டைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, தன் புடவை ஒன்றைச் சிங்களக் கட்டாகக் கட்டிவிட்டார். வெளியே கும்பல் வந்து கேட்டபோது அந்த மனிதர் மாவு படிந்த கையோடு வாசலில் நின்று, யாரும் இல்லை என்றார். தெரிந்திருந்தால் கடையோடு சேர்த்து அவரையும் கொளுத்தியிருப்பார்கள். கலவரம் அடங்கியதும் தோட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பெயர் என்ன என்று கேட்டேன்.

“மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம், தம்பி. அன்றைக்குப் பேரா கேட்டுக்கொண்டிருக்க முடியும்?”

யாத் வாஷெமில் ஒருவர் பெயர் ஏற வேண்டுமானால் சாட்சியம் வேண்டும், அதைச் சரிபார்க்க ஒரு குழு உண்டு. 1977-க்கும் 1983-க்கும் அப்படிக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அலுவலகம் இல்லை. 83 ஜூலை கலவரத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் பொய் சொல்லி, அண்டை வீட்டாரை ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பெரும்பாலோர் பெயரும் இதே கதிதான்.

ஆகவே என் மூன்றாவது பதிலுக்கு விலாசம் மட்டும்தான் தர முடியும்: இலங்கையின் இரத்தினபுரி மாவட்டம், 1977 ஆகஸ்ட், பின்புறம் விறகுக் கொட்டடி உள்ள பேக்கரி. கணவனும் மனைவியும் நடத்தியது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது இது பிடிபட்டால் எழுதுங்கள். அம்மாயிக்கு இப்போது காதுதான் கொஞ்சம் மந்தம். நான் போய்ச் சத்தமாகச் சொல்லிவிடுவேன்.