அவனுக்குச் சம்பளம் எவ்வளவு?

வணக்கம் ஐயா,

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த வாசகர் சந்திப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் பிடித்த படங்கள் எவை என்று ஒருவர் கேட்டார். 'உதிரிப்பூக்கள்', 'வீடு', 'ஜகாட்', மலாய் நடிகர் பி. ரம்லியின் 'பெனாரெக் பெச்சா' என்று நான்கைச் சொன்னீர்கள். 'கபாலி' பிடிக்காதா என்று நான்தான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், கூட்டமும் சிரித்தது. என் அப்பா லோரி ஓட்டுகிறவர், தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீடு வந்து சேரும்வரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் சிவந்திருந்தது. அது வேடிக்கையா? நீங்கள் சொன்ன படங்களில் சிரிப்பே இல்லை. கஷ்டப்படுகிறவர்களைத் திரையில் பார்ப்பதுதான் உயர்ந்த ரசனையா? மலாய்ப் படத்தைச் சேர்த்தது பினாங்கு மேடைக்காகவா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்)

அன்புள்ள டீச்சர்,

சிரித்தது தப்பு. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பின்வரிசையில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் அப்பா. என் ரசனை என்று நான் மேடையில் காட்டிக்கொள்வது பாதிக்கு மேல் அவருடையது. அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாய் விரித்து உட்காருவோம். கதாநாயகன் வருவான், பாடுவான், காரில் ஏறிப் போவான். அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்து கேட்பார்: "இவனுக்கு என்னா வேல? சம்பளம் எவ்ளோ?" அம்மா, "பேசாம படத்தப் பாருங்க" என்பார். தோட்டம் கைமாறி நாங்கள் கோலாலம்பூர் வந்தபின், ஒரு கிடங்கில் ஜாகாவாக (காவல்காரராக) இருந்துகொண்டு எங்களைக் கொலிசியம் தியேட்டருக்குக் கூட்டிப்போவார். அங்கேயும் அதே கேள்விதான், இன்னும் சத்தமாக. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் சீட்டுக்குள் புதைந்துகொள்வேன். இன்று எந்தப் படத்தைப் பார்த்தாலும் பத்தாவது நிமிடம் அந்தக் கேள்வி எனக்குள் தானாக வந்து நிற்கிறது.

'வீடு' படத்தை வீடியோ டேப்பில் பார்த்தோம். 1988-இல் பாலு மகேந்திரா எடுத்தது, பாட்டே கிடையாது. அர்ச்சனா அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். சின்னதாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லாத படத்தை அப்பா பத்து நிமிடம் தாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ கடன் கணக்கு பேசும் இடத்தில், "நிறுத்து, பின்னால ஓட்டு, எவ்ளோன்னு சொன்னா?" என்றார். சிமெண்டு திருடுபோகிற விஷயம் வந்ததும் தன் மூட்டையே போனதுபோலத் திட்டினார். சொக்கலிங்க பாகவதர், அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருவாரே, செங்கல் சுவரைத் தடவித் தடவி! அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் அப்போது இருந்தது புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு. எந்த நாளும் இடிக்க வரலாம். கஷ்டத்தை ரசித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை டீச்சர். சிமெண்டு விலையை மறைக்காமல் சொன்ன ஒரு படம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம்.

'ஜகாட்' அதே பலகை வீடுகளின் படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், 1990-களின் தொடக்கம், அப்போய் என்ற குறும்புப் பையன், படி படி என்று அடிக்கிற அப்பா, வேறு வழிகளில் போய்விட்ட இரண்டு சித்தப்பாக்கள். சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் கொண்டுவந்தார். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதற்கு முன்னால் எந்த மொழிப் படம் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று நடந்த சண்டையை எழுதினால் இன்னொரு கடிதம் ஆகிவிடும். எனக்குப் பிடித்தது தலைப்பு. மலாயில் 'ஜாஹாட்' என்றால் கெட்ட என்று அர்த்தம். அதை நம் லயத்து வாய், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின் வாய், 'ஜகாட்' ஆக்கியது. "ஒரே ஜகாட் பையன் இவன்" என்று என்னை ஏசாத அத்தை கிடையாது. சென்னை உச்சரிப்புக்குப் பழகிய காதில் அந்தத் தமிழ் விழுந்தபோது, யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

ரம்லி பினாங்கு மேடைக்காக வரவில்லை. அவர் பினாங்கில் பிறந்தவர், அதனால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் நியாயம்தான். 'பெனாரெக் பெச்சா' 1955-இல் அவர் முதன்முதலாக இயக்கிய படம். பெச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவனுக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் நடுவில் நிற்கும் வில்லன் ஒருவன் இருக்கிறான். ஆனால் உண்மையில் நடுவே நிற்பது கூலிதான். அரசு டிவியான ஆர்டிஎம்மில் அது வரும்போதெல்லாம் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் வந்துவிடுவார். சம்பளம் கேட்கத் தேவையில்லாத கதாநாயகன்! ரம்லியை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கிய 'பக்தி'யை 1950-இல் இயக்கியவர் மதராஸிலிருந்து வந்த எல். கிருஷ்ணன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் நம்மவர்கள் கை நிறைய இருக்கிறது. அது 'அவர்கள்' படம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

'உதிரிப்பூக்கள்' மட்டும் அப்பாவின் சட்டத்துக்குள் வராது. சுந்தரவடிவேலு வசதியானவன், அவன் வருமானம் எவ்வளவு என்று யாருக்கும் கவலையில்லை. மகேந்திரன் கெட்டவனைக் கத்தவிடாமல் கெட்டவனாகக் காட்டினார். ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குள் இறங்கவைக்கிற கடைசிக் காட்சியில், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது. கரையில் இரண்டு பிள்ளைகள் நிற்கின்றன. அப்பாவுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்காத ஒரு படம் என் பட்டியலில் இருப்பது எனக்கே ஆறுதல்.

சிரிப்பு இல்லை என்றீர்கள். பிடிபட்டேன். மேடையில் கனமான ஆளாகத் தெரிய ஆசைப்பட்டு ஒன்றை விழுங்கிவிட்டேன்: 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர், 1964. நாகேஷ் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்த அப்பன் பாலையாவிடம் காசு கேட்டு அலைகிறார். ரவிச்சந்திரன் எஸ்டேட்டில் வேலை போனதும் முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் பாடுகிறார். திடலில் அதைப் பார்த்தபோது முன்னால் நாற்காலி போட்டுத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அதாவது கிராணி, உட்கார்ந்திருந்தார். சனம் படத்தைப் பார்த்து ஒரு முறை, அவர் முதுகைப் பார்த்து ஒரு முறை சிரித்தது. "வேலைய விட்டு நிறுத்துனா நம்மள லயத்துல இருக்க வுடுவானா? இவன் கூடாரம் அடிக்கிறான் பாரு, கெட்டிக்காரன்" என்றார் அப்பா, கிராணிக்குக் கேட்காதபடி.

இனி 'கபாலி'. 2016 ஜூலையில் வந்தபோது அப்பா இல்லை. நான் தனியாகப் போனேன். 25 வருடம் சிறையில் இருந்தவன் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். அப்பாவின் கேள்வி எழும்பியது. ஆனால் ரஞ்சித் அந்தக் கோட்டுக்குக் காரணம் சொல்கிறார், காந்தி சட்டையைக் கழற்றியதையும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. பழைய கதையில் தோட்டத்து ஆட்கள் சம்பளத்துக்காக நிற்கிறார்கள். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் துப்பாக்கிகள் வந்துவிட்டன, சம்பளப் பேச்சு காணாமல் போய்விட்டது. அதுதான் என் குறை, அதற்கு மேல் இல்லை.

அன்று சிரித்ததற்குக் காரணம் முடிவு. தமிழ்நாட்டில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு படம் முடிந்தது. மலேசியாவில் நமக்குக் காட்டியதில், கபாலி போலீஸிடம் சரணடைந்துவிட்டதாகத் திரையில் எழுதிப் போட்டார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, "சரண்டராம்ல" என்று ஒருமாதிரி இழுத்துச் சொன்னார். கூட்டத்தில் நீங்கள் 'கபாலி' என்றதும் அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் கண் எந்த இடத்தில் சிவந்தது? தோட்டத்துக் காட்சியிலா, மகளைப் பார்க்கும் இடத்திலா? லோரியில் இருக்கும்போது கேட்காதீர்கள், வீட்டில் சாப்பிட்டு முடித்தபின் கேளுங்கள்.