மரம் மரம் மரம்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வடிவக் கவிதை எழுத வைக்கலாம் என்று மரம், மீன், குடை எல்லாம் வெளிக்கோடாக வரைந்து கொடுத்தேன். பிள்ளைகள் ‘பச்சை மரம் நல்ல மரம்’ என்று உள்ளே நிரப்பி, இடம் மிஞ்சினால் அதையே திரும்ப எழுதிவிட்டார்கள். ஒருவன் மரம் முழுக்க ‘மரம் மரம்’ என்றே எழுதியிருக்கிறான். சக ஆசிரியர் ஒருவர், “இது டிராயிங் கிளாஸ். வெளிநாட்டுச் சரக்கு, தமிழ்ப் பாடத்தில் எதற்கு?” என்கிறார். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பையனிடமிருந்தே தொடங்கலாம். ஜெர்மன் கவிஞர் ரைன்ஹார்ட் டோல் 1965இல் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆப்பிள் வடிவம் முழுக்க ‘ஆப்பிள்’ என்ற சொல்லையே அடைத்து, ஓரிடத்தில் மட்டும் ‘புழு’ என்று எழுதி வைத்தார். அந்தப் புழுவால்தான் அது கவிதை. பையனைக் கூப்பிட்டு, ஒரே ஒரு ‘மரம்’ இருக்கும் இடத்தில் வேறு சொல் போடச் சொல்லுங்கள். அணிலோ, ஓணானோ, ஆணியோ, அவன் முடிவு செய்யட்டும்.

மற்ற பிள்ளைகள் மேலும் தப்பில்லை. காலி இடத்தைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் நிரப்பத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை வெளிக்கோடு கொடுக்காதீர்கள். முதலில் பேச்சு, அப்புறம் வரி, கடைசியில்தான் வடிவம். எடுத்துக்கொள்ளும் பொருளும் சும்மா நிற்பதாக இல்லாமல், ஏதாவது செய்வதாக இருந்தால் நல்லது. ராட்டினம், பட்டம், எறும்பு வரிசை, தோசை.

தோசை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தோசை எப்படிச் சுடுகிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பே கத்தும். கத்துவதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள்: ‘ஒரு கரண்டி மாவு, நடுவில் ஊத்து, சுத்து சுத்து சுத்து, ஓரத்தில் எண்ணெய், சொய்ங், அண்ணனுக்கு மொறுமொறு, எனக்கு இன்னும் வரலை.’ இனி இதைத் தாளின் நடுவில் ஆரம்பித்து வெளியே சுற்றிக்கொண்டே போய் எழுதச் சொல்லுங்கள். தாளைத் திருப்பித் திருப்பித்தான் எழுத முடியும், படிப்பவரும் திருப்பித்தான் படிக்க வேண்டும். கரண்டி போன வழியில் கண்ணும் போகிறது. இதே வரிகளை நேராக எழுதிப் பாருங்கள், பாதி போய்விடும். நேராக எழுதியும் ஒன்றும் குறையவில்லை என்றால் அங்கே வடிவம் வெறும் அலங்காரம். உங்கள் சக ஆசிரியர் சொல்வது அப்போது சரிதான். (‘வரலை’யை ‘வரவில்லை’ என்று திருத்திவிடாதீர்கள்.)

எழுத்தை மேலிருந்து கீழாக எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொக்கு வரைந்து அதன் காலுக்கு ‘ஒற்றைக்காலில்’ என்று எழுதினால் ஒ, ற், றை, க், கா, லி, ல் என்று ஏழு படி வரும். சில பிள்ளைகள் ‘றை’யின் இணைக்கொம்பை ஒரு படியிலும் ‘ற’வை அடுத்த படியிலும் வைப்பார்கள். எது ஓரெழுத்து என்பதை இலக்கணப் பாடமாக நடத்துவதைவிட அந்தக் கொக்கின் காலில் காட்டுவது சுலபம்.

வெளிநாட்டுச் சரக்கு என்பதற்கு வருகிறேன். நம் பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், சொல்லணியியல் என்ற பகுதியில் சித்திரக்கவிகளை, அதாவது எழுத்துகளை ஒரு வடிவத்துக்குள் அடுக்கும் பாட்டுகளை, வரிசையாகச் சொல்கிறது. பாம்பு வடிவில் நாகபந்தம், சக்கரம், அப்புறம் கோமூத்திரி. மாடு நடந்துகொண்டே சிறுநீர் கழித்தால் தரையில் விழும் வளைந்த கோட்டின் பெயர்தான் அது. வகுப்பில் சொன்னால் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் இவற்றைப் பிள்ளைகளை எழுத வைக்க வேண்டாம். ஒரே எழுத்து இரண்டு வழியில் படித்தாலும் பொருந்த வேண்டும், பெரியவர்களுக்கே முழி பிதுங்கும்.

எழுகூற்றிருக்கை மட்டும் விதிவிலக்கு. சம்பந்தர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் மூவரும் பாடியிருக்கிறார்கள். ஒன்று இரண்டு ஒன்று, பிறகு ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என்று ஏழு வரை ஏறி இறங்கும் எண்கள், தேர் வடிவில் அடுக்கப்படும். நான்காம் வகுப்புக்கு மூன்று வரை போதும்:

ஒரு மாடு
ஒரு மாடு, இரண்டு கொம்பு, ஒரு வால்
ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு அக்கா, மூன்று சக்கரம், இரண்டு கூடை, ஒரு ஹாரன்

தாளின் நடுவில் வைத்து எழுதினால் தேரின் மேல்பகுதி வந்துவிடும். வரையத் தெரியாத பிள்ளையும் செய்யலாம், அதனால் படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். நான்கு வேண்டும் என்று அவர்களே கேட்டால் தடுக்காதீர்கள், மாட்டுக்குக் கால்கள் இருக்கின்றன.

எழுதியதில் நான்கைந்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் இல்லாமல் இங்கே வெளியிடுகிறேன்.