நாய் சோற்றை ஒதுக்கினால் முதலில் தராசில் ஏற்றுங்கள்

கேள்வி: பண்ருட்டி தாண்டி காடாம்புலியூர் பக்கம் நாலு ஏக்கர் முந்திரி வைத்திருக்கிறோம். காவலுக்கு ஒரு நாய், ராஜபாளையம் கலப்பு, ஆண், வயது மூன்று. ஒரு மாதமாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கோழிக்கறி கலந்தால்தான் வாய் வைக்கிறது, அதையும் சில நாள் தொடுவதில்லை. விடியற்காலையில் மஞ்சளாக நுரை கக்குகிறது, வாரத்தில் இரண்டு நாள் கழிச்சல். டவுனில் பெட் ஷாப்பில் சொன்னோம், லிவர் டானிக், ஒரு பூச்சி மாத்திரை, பை தீவனம் கொடுத்தார்கள். சரியாகவில்லை என்று வேறு கம்பெனிப் பை வாங்கினோம், இப்போது மூன்றாவது பை. எந்தத் தீவனம் போட்டால் விரும்பித் தின்னும் ஐயா?

பதில்: இப்போதைக்கு எந்தப் பையும் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் மூன்று தீவனம் மாற்றினால் நல்ல வயிறு உள்ள நாய்க்கே கழியும். பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். இதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு விவரம் எழுதிய நீங்கள் நாயின் எடையை எழுதவில்லை. எடை தெரியாமல் உங்கள் கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. சோற்றை ஒதுக்கியும் எடை குறையவில்லை என்றால், நாய் வேறெங்கோ தின்கிறது, அல்லது கோழிக்கறி வரும் என்று காத்திருக்கப் பழகிவிட்டது. எடை இறங்கிக்கொண்டே வந்தால் அது நோய். 22 கிலோ நாயில் இரண்டு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் ராஜபாளையத்து உடல்வாகு இயல்பிலேயே வயிறு ஒட்டியது என்பதால் தினமும் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு அது தெரியாது.

கொட்டை மூட்டை நிறுக்கும் தராசு உங்கள் களத்திலேயே இருக்கும். நாய் படுக்கிற சாக்கை அதன்மேல் விரித்து ஏற்றுங்கள். நிற்காமல் துள்ளினால் நீங்களே தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், சோறு வைப்பதற்கு முன். கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும். மாடு கறக்கிற பாலை லிட்டர் கணக்கில் எழுதி வைக்கிறோம், ராத்திரியெல்லாம் தோப்பைச் சுற்றி வருகிற ஜீவனுக்கு இந்த ஒரு எண்ணை எழுதி வைக்கக் கூடாதா? காவல் நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பூச்சி மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு விற்கும் மாத்திரைகளில் பல, பத்து கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. உங்கள் நாய் இருபதுக்கு மேல் என்றால் கொடுத்தது பாதி அளவுதான், புழு சாகாமல் தப்பியிருக்கும். எடை கேட்காமல் பூச்சி மாத்திரை எடுத்து நீட்டுகிறவரிடம் மருந்தே வாங்காதீர்கள். லிவர் டானிக்கும் அப்படித்தான்: கல்லீரலில் என்ன கோளாறு என்று யார் பார்த்தார்கள்? பசி எடுக்காததற்குக் காரணம் தெரியாமல் டானிக் ஊற்றினால் பாட்டில் காலியாகும், நோய் அங்கேயே இருக்கும். வால் அடியிலோ மலத்திலோ அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியால் வருவது, தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

தராசிலிருந்து இறக்கியதும் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கறுப்பு ஈறு என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். அங்கே வெளுத்திருந்து, காதுமடலுக்குள்ளோ விரலிடுக்கிலோ உண்ணியும் இருந்தால், பிரச்சினை வயிற்றில் இல்லாமல் ரத்தத்தில் இருக்கலாம். எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளும் உண்ணிக் கடியில் ஏறுபவை, இரண்டிலுமே சோற்றை வெறுப்பது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அங்கே வசதி இல்லை என்றால் புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்று பைக்குச் செலவழித்ததை முதலில் இதற்குச் செலவழித்திருக்க வேண்டும்.

வாயையும் ஒருமுறை நன்றாகத் திறந்து பாருங்கள். கொட்டை உடைக்கிறவர்கள் கை ஓட்டு எண்ணெய் பட்டு வெந்துபோவது உங்களுக்குத் தெரியாததில்லை. பச்சைக் கொட்டையை நாய் கடித்திருந்தால் அதே எண்ணெய் நாக்கையும் உதட்டையும் புண்ணாக்கிவிடும், அப்புறம் பசித்தாலும் தின்னாது. களத்தில் புளித்துக் கிடக்கும் முந்திரிப் பழம், பலாச் சக்கை இதெல்லாம் தின்கிறதா என்பதையும் கவனியுங்கள், கழிச்சலுக்கு அதுவே போதும்.

எடை நிற்கிறது, ஈறு சிவப்பு, வாயில் புண் இல்லை என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். மூன்று நாலு நாளைக்குக் குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோல் உரித்து அவித்த கோழிக்கறி ஒரு பங்கு, உப்பு காரம் எண்ணெய் எதுவும் இல்லாமல், நாலு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. கறி கட்டாது என்றால் கடலூர் முதுநகரிலிருந்து வருகிற மீனை அவித்து முள் எடுத்துப் பிசையலாம், கருவாடு மட்டும் கூடாது, அவ்வளவும் உப்பு. மலம் கெட்டியானதும் பழைய சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திரும்பி, காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு வேளை, பொழுது சாய்ந்து ஒரு வேளை என்று வையுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். கோடையில் பகலில் வைத்தால் நல்ல நாயும் தின்னாது.

முக்கியமாக, ஒருவர் கையால் மட்டும் சோறு. பொறுக்க வருகிற ஆட்கள் டீயோடு போடும் பன், பிஸ்கட், வீட்டில் பாட்டி ஊற்றும் பால், மிச்சக் குழம்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. குழம்பிலும் பிரியாணியிலும் இருக்கும் வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

விடியற்காலை மஞ்சள் நுரை பெரும்பாலும் ராத்திரி முழுக்க வெறும் வயிற்றில் கிடப்பதால் மேலேறும் பித்தநீர். படுக்கப் போகும் முன் ஒரு கைப்பிடி சோறு கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனிதர்களுக்கான பேதி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயைக் கொல்லக்கூடியவை. கழிச்சலில் ரத்தம் வந்தாலோ, குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியானாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகவோ காப்பி நிறத்திலோ போனாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு அன்றே கிளம்புங்கள். கொட்டகையில் எலி இருந்தால் எலிக்காய்ச்சலும் சந்தேகிக்க வேண்டியதுதான், அது மனிதருக்கும் தொற்றும், சிறுநீர் பட்ட இடத்தை வெறுங்கையால் கழுவாதீர்கள். வாயில் எச்சில் ஒழுகி உடம்பு வெட்டி வெட்டி இழுத்தால் பூச்சிமருந்தோ எலிமருந்தோ தின்றிருக்கலாம், ஒரு நிமிடம் தாமதிக்காமல், தோப்பில் அடித்த மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.