கேனான் 1500டி கேமரா: வீட்டுக்குள் பிள்ளை படம் கூர்மையில்லாமல் மங்குகிறது, 50 எம்எம் லென்ஸா 55-250 ஜூம் லென்ஸா?

50 எம்எம் எஃப்/1.8-ஐயே வாங்குங்கள். எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் கூடும். 55-250 எஃப்/4-இல்தான் தொடங்குகிறது. டியூப்லைட் வெளிச்சத்துக்கு அது போதாது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். உங்கள் 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப்/5.6தான், கேமரா 1/30 நொடிக்கு இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை அடக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. எஃப்/1.8-இல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும்.

முதலில் மங்கிய படங்களின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/250 இருந்தும் மங்கல் என்றால் கோளாறு ஃபோகஸில். அப்புறம் கிட் லென்ஸின் ஜூமை 50-இல் வைத்து ஒரு மாலை எடுத்துப் பாருங்கள். பிள்ளை படத்துக்குள் அடங்கப் பின்னால் நகர்ந்து முதுகு சுவரில் இடித்தால், அகலமாகக் காட்டும் 24 எம்எம் எஃப்/2.8தான் தோது.

எஃப்/1.8-இல் கிட்டப் போனால் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். எஃப்/2.8 வையுங்கள்.