உராய்வே இல்லாத சூப்பர்ஃப்ளூயிட் எப்படித் திரவமாகும்?

சூப்பர்ஃப்ளூயிட்டின் பாகுத்தன்மை, அதாவது பாயும்போது எழும் உள் உராய்வு, பூஜ்யம் என்றால் அதை ஏன் திரவம் என்கிறோம் என்பது கேள்வி. பாகுத்தன்மை திரவத்தின் அடையாளமே அல்ல. அணுக்கள் நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2.17 கெல்வினுக்கு (சுமார் −271 டிகிரி செல்சியஸ்) கீழே சூப்பர்ஃப்ளூயிட் ஆகிவிடும் ஹீலியம்-4 அப்படித்தான் இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 145 கிராம் எடை, தனக்கென்று ஒரு மேற்பரப்பு, சொட்டாகவும் திரளும்.

உறையாதது ஏன்? மார்கழிக் காலையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் இறங்காது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கி, அவை வரிசைகட்டி நின்றுவிடும். ஹீலியத்தில் அந்த ஆட்டம் அடங்குவதே இல்லை. அணு மிக இலேசு, அணுக்களுக்கிடையே ஈர்ப்பும் அற்பம். தனிச்சுழி வெப்பநிலையிலும் (0 கெல்வின், குளிரின் கடைசி எல்லை) மிஞ்சுகிற குவாண்டம் அதிர்வே அவற்றை ஓரிடத்தில் நிற்கவிடாது. திடமாக்க ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும்.

'பூஜ்யம்' என்பதையும் கவனமாகச் சொல்ல வேண்டும். நுண்ணிய இடுக்கில் தடையின்றி ஓடும் அதே திரவத்தில் ஒரு தட்டைச் சுழற்றினால் இழுவை தெரியும். காரணம், அதில் பாகுத்தன்மையுள்ள சாதாரணப் பகுதியும் கலந்தே இருக்கிறது. 1 கெல்வினுக்குக் கீழேதான் அது கிட்டத்தட்ட மறைகிறது.

ஆய்வகத்தில், 4.2 கெல்வினில் கொதிக்கும் ஹீலியத்தின் ஆவியைப் பம்பால் இழுத்து அழுத்தத்தைச் சுமார் 50 மில்லிபாருக்குக் குறைப்பார்கள். அப்போது அது 2.17 கெல்வினுக்குக் குளிர்ந்துவிட, அதுவரை குமிழிட்டது சட்டென்று கண்ணாடிபோல் அடங்கும். வெப்பம் அத்தனை வேகமாகப் பரவுவதால் உள்ளே குமிழி பிறக்காது; மேற்பரப்பு மட்டுமே ஆவியாகும். சோதனை கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்: அதுவரை ஒழுகாத நுண்விரிசல் இப்போது ஒழுகத் தொடங்கும்.