மயக்கத்தில் கிடக்கும்போது கால் எப்படி அசையும்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, முதுகுத்தண்டு வளைவுக்கு ஆபரேஷன். நடுவில் தலையில் கரண்ட் கொடுத்துக் கால் அசைகிறதா என்று பார்ப்பார்களாம். முழு மயக்கத்தில் எப்படி அசையும்? வலிக்காதா?
- ஓர் அம்மா, ஈரோடு

பதில்: வலிக்காதும்மா, அவளுக்கு எதுவுமே தெரியாது. மயக்க மருந்து பெரும்பாலும் பிடிப்பது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும் இடங்களைத்தான். நரம்பின் நீளத்தில் ஓடும் மின்துடிப்பை அவ்வளவாகத் தொடாது. அதனால் மூளையில் கிளம்பும் துடிப்பு தண்டுவடம் வரை வந்துவிடும், ஆனால் அங்கே தசைக்குப் போகும் செல் மருந்தில் மந்தமாகிக் கிடப்பதால் ஒரு தட்டுக்கு எழுந்திருக்காது. லண்டனில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-ல் மண்டையோட்டைத் திறக்காமலே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் தசையை அசைத்துக் காட்டினார்கள், அது விழித்திருந்தவர்களிடம். மயக்கத்தில் ஒற்றைத் துடிப்பு பத்தாது. 1990-களில் வழி கிடைத்தது: நாலைந்து துடிப்புகளை 2 முதல் 4 மில்லிசெகண்ட் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொடுத்தால், முதல் தட்டு அடங்குமுன் அடுத்தது விழுந்து, அந்தச் செல் எழுந்துவிடுகிறது.

இதற்குத் தோதாக மயக்கமும் கொடுக்க வேண்டும். சீவோஃப்ளுரேன் மாதிரி மயக்க வாயுக்கள் அளவு கூடக்கூட, தசையில் பதிவாகும் மின் அலையை அமுக்கிவிடும், அதனால் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தக்குழாய் வழியாக, வலி மருந்தோடு சேர்த்து ஓட விடுவதே வழக்கம். தசையைத் தளர்த்தும் மருந்தை மூச்சுக்குழாய் போடும்போது கொடுத்தாலும், அப்புறம் நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், கையையும் சேர்த்துப் பார்ப்பது. அலையைப் பதிவு செய்ய, கால் கட்டைவிரலுக்கு அருகே ஊசி, கை கட்டைவிரலுக்கு அருகேயும் ஊசி. உங்கள் மகளுக்கு நெஞ்சுப் பகுதியில் வளைவு என்றால், கை நரம்பு அதற்கு மேலேயே பிரிந்துவிடும். கை, கால் இரண்டிலும் அலை சிறுத்தால் மயக்க மருந்து கூடியதா, ரத்த அழுத்தம் இறங்கியதா என்று முதலில் பார்ப்பார்கள். கை அலை அப்படியே இருந்து கால் அலை மட்டும் சிறுத்தால், தண்டுவடத்தில் ஏதோ சிக்கலோ என்று சர்ஜன் வேலையை நிறுத்திவிட்டு, கடைசியாக என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பார்.

கரண்ட் கொடுக்கும்போது தாடை இறுகும், நாக்கு கடிபடாமல் இருக்கப் பல்லுக்கிடையே துணிச்சுருள் வைப்பார்கள். மகளுக்கு வலிப்பு வந்ததுண்டா, தலையில் ஏதாவது கருவி பொருத்தியிருக்கிறதா, இரண்டையும் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.